புகைக்காற்று, வறட்சி, பைன் மரம்: எது எப்போது தாக்கியது என்று கண்டறியும் முழு வழிகாட்டி

லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே சான் பெர்னார்டினோ மலைகள் இருக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் அங்கிருந்த பாண்டரோசா பைன் மரங்கள் காரணம் தெரியாமல் மஞ்சளிக்கத் தொடங்கின. ஊசியிலைகள் உரிய காலத்துக்கு முன்பே கொட்டின. பூஞ்சையா, பூச்சியா, மண்ணில் சத்துக் குறைவா என்று தேடியவர்களுக்கு எதுவும் பிடிபடவில்லை. அதனால் அதை ‘எக்ஸ் நோய்’ என்றே அழைத்தார்கள். ஆய்வாளர் பால் மில்லரும் அவருடைய குழுவினரும் பைன் கிளைகளை உறைக்குள் அடைத்து ஓசோன் வாயுவைச் செலுத்திப் பார்த்தபோது அதே மஞ்சள் படர்ந்தது. 1963இல் அந்த ஆய்வு வெளியானது. நகரத்து வாகனப் புகை மலையேறி வந்து மரத்தை நோயாளியாக்குகிறது என்பது அப்போதுதான் உறுதியானது.

நாற்பது ஆண்டுகள் கழித்து அதே மலைகளில் 1999 முதல் 2003 வரை கடும் வறட்சி. இம்முறை மரங்கள் மஞ்சளித்ததோடு நிற்கவில்லை. மலைச்சரிவு முழுவதும் செம்பழுப்பாக மாறும் அளவுக்குக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கொன்றது வறட்சி என்றார்கள் சிலர், பட்டைவண்டு என்றார்கள் சிலர், புகைக்காற்று என்றார்கள் வேறு சிலர்.

இந்த மூன்றையும் வெறுமனே கூட்டிச் சொல்வதும் தவறு என்பது என் கருத்து. புகையும் வறட்சியும் சேர்ந்தால் பாதிப்பு இரட்டிப்பாகும் என்று பாடப்புத்தகம்போல் எழுதிவிடலாம். மரத்துக்குள் நடப்பது அப்படியில்லை. ஒரு வாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், வறட்சி மரத்தைப் புகையிடமிருந்து காப்பாற்றுகிறது. பத்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டால், புகைதான் மரத்தை வறட்சியிடம் பிடித்துக் கொடுக்கிறது. எனவே எது முதலில் வந்தது, எந்த மாதத்தில் வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கீழே வரும் படிகள் அந்த வரிசையைக் கண்டுபிடிப்பதற்கானவை.

வனவியல், சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்களையும், கலிபோர்னியாவில் குடியேறி வீட்டு முற்றத்தில் பைன் மரம் வைத்திருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கொடைக்கானல் பைன் தோப்புகளுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த வேண்டாம். அங்குள்ளவை மனிதர் நட்ட அயல்நாட்டு மரங்கள்; மழைக்காலம், மண், காற்று எல்லாமே வேறு.

முதல் படி: காற்று வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மரத்தைத் தொடுவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரடியாக வருவதில்லை. வாகனங்களும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரிபொருள் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து அது உருவாகிறது. 1950களில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆரி ஹாகன்-ஸ்மிட் கண்டறிந்து சொன்னது இது. லாஸ் ஏஞ்சல்ஸ் மூன்று பக்கம் மலை சூழ்ந்த பள்ளம். மேலே வெப்பக்காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும் நாட்களில் புகை மேலெழ வழியில்லை. பிற்பகலில் கடற்காற்று அதைக் கிழக்கே தள்ள, வெயிலில் காய்ந்த மலைச்சரிவு அதை மேலே இழுத்துக்கொள்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நகரத்துக்குள் இரவில் ஓசோன் வெகுவாகக் குறையும். வாகனங்கள் புதிதாக விடும் நைட்ரிக் ஆக்சைடு அதைத் தின்றுவிடும். மலைமேல் அந்தப் புதுப் புகை இல்லாததால் ஓசோன் இரவிலும் கணிசமாகத் தங்கிவிடுகிறது. மலையில் காற்று தூய்மை என்ற நம்பிக்கை இந்த இடத்தில் தலைகீழ்.

மலைத்தொடரின் மேற்கு முனையில் கிரெஸ்ட்லைன் ஊருக்கு அருகே கேம்ப் பைவிகா என்னும் ஆய்வுத்தளம் இருக்கிறது. புகை முதலில் மோதுவது அங்கேதான். கிழக்கே பார்ட்டன் பிளாட்ஸ் நோக்கிப் போகப் போகக் காற்று தெளிகிறது. இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனைக்கூடம் என்று ஆய்வாளர்கள் இதைக் கொண்டாடுவதில் வியப்பில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: புகை அதிகமுள்ள மேற்கு முனையில்தான் மழையும் அதிகம். கிழக்கே போனால் புகையும் குறைகிறது, மழையும் குறைகிறது. இதை மறந்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒப்பிட்டால், மழை செய்ததைப் புகையின் கணக்கிலும் புகை செய்ததை மழையின் கணக்கிலும் எழுதிவிடுவீர்கள்.

ஓசோனோடு நைட்ரஜனும் வந்து படிகிறது. மேற்கு முனையில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 30 கிலோவுக்கும் மேல் நைட்ரஜன் காற்றிலிருந்தே மண்ணில் சேர்கிறது. கேட்காமலே கிடைக்கும் உரம். அதன் விலை என்ன என்பது ஐந்தாம் படியில் வருகிறது.

இரண்டாம் படி: ஊசியிலையைக் கையில் எடுத்துப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

மரம் எது என்று முதலில் உறுதி செய்யுங்கள். பாண்டரோசாவும் ஜெப்ரியும் பெரும்பாலும் மும்மூன்று ஊசிகள் கொண்ட கொத்துகளாக இலை விடுபவை. கூம்பைக் கையில் அழுத்திப் பிடித்தால் முள் குத்துவது பாண்டரோசா. முள் உள்நோக்கி வளைந்திருப்பதால் குத்தாதது ஜெப்ரி. ஜெப்ரியின் பட்டை இடுக்கில் மூக்கை வைத்தால் வெனிலா வாசம் வரும். ஓசோனுக்கு எளிதில் பலியாகும் இனங்கள் இந்த இரண்டும். பக்கத்திலேயே நிற்கும் சுகர் பைன், இன்சென்ஸ் சிடார் போன்றவை அதே காற்றில் பெரிய சேதமில்லாமல் நிற்பதைக் காணலாம். இனம் மாறிப்போனால் அதன்பின் எழுதும் எல்லாக் குறிப்பும் வீண்.

அடுத்து, மரத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து ஐந்து கிளைகளையாவது பாருங்கள். பைன் கிளை ஒவ்வோர் ஆண்டும் ஒரு கட்டம் நீளும். ஓர் ஆண்டின் வளர்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், மொட்டுச் செதில்கள் உதிர்ந்த தழும்பு வளையம்போல் தெரியும். கிளை நுனியிலிருந்து உள்நோக்கி எண்ணுங்கள்: நுனியில் இருப்பது இந்த ஆண்டின் ஊசிகள், அதற்கடுத்தது சென்ற ஆண்டுடையவை, பிறகு அதற்கும் முந்தையவை. நல்ல காற்றில் நிற்கும் பாண்டரோசா மூன்று, நான்கு ஆண்டு ஊசிகளைச் சாதாரணமாக வைத்திருக்கும். புகை மிகுந்த இடத்தில் ஓர் ஆண்டின் ஊசிகள் மட்டுமே நுனியில் துடைப்பம்போல் நிற்க, உள்ளே கிளை மொட்டையாக இருக்கும். இந்த எண்ணிக்கைதான் மரம் உங்களிடம் தரும் மிக நேர்மையான வாக்குமூலம்.

இனி நிறம். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, சென்ற ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு ஊசிகளைப் பாருங்கள். பச்சைக்குள் வெளிர்மஞ்சள் திட்டுகள் தெரிகின்றனவா? அவற்றின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, பச்சையோடு கரைந்துபோகிறதா? ஓசோன் உண்டாக்கும் திட்டு ஓரம் கரைந்ததாக, ஊசியைச் சுற்றிலும், பழைய ஊசிகளில் அதிகமாகவும் புதியவற்றில் குறைவாகவும் இருக்கும். இந்த ஆண்டின் ஊசியிலேயே திட்டு தெரிந்தால் மரம் மோசமான நிலையில் இருக்கிறது.

மஞ்சளாகத் தெரிவதையெல்லாம் ஓசோன் என்று சொல்லிவிடாமல் இருக்க, அதைப்போல் தோன்றும் மற்றவற்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பனிக்காலக் காயம் கூர்மையான ஓரமுள்ள சிறு வெண்புள்ளிகளாக, வானத்தைப் பார்க்கும் மேற்புறத்தில் மட்டும் இருக்கும். சாறுறிஞ்சும் பூச்சி செய்ததென்றால் திட்டின் நடுவில் குத்திய புள்ளியைக் கைலென்சில் காணலாம். பூஞ்சை என்றால் பழுப்புப் பகுதியில் கருநிறக் காய்ப்புள்ளிகள் வரும். பனியுருக்க உப்புத் தூவும் சாலை ஓரத்தில், சாலையைப் பார்த்த பக்கத்து ஊசிகளின் நுனி மட்டும் கருகும். இலையுதிர் காலத்தில் மிகப் பழைய ஊசிகள் ஒட்டுமொத்தமாக மஞ்சளித்து விழுவதோ எந்த நோயும் அல்ல. மரத்தின் வழக்கமான கணக்குத் தீர்ப்பு.

இவற்றையெல்லாம் ஒரே எண்ணாக்க 1990களில் ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். அதற்கு ஓசோன் காயக் குறியீடு என்று பெயர். சுழியத்திலிருந்து 100 வரை போகும். ஊசிகள் எத்தனை ஆண்டு தங்குகின்றன என்பதற்கு 40 விழுக்காடு, மஞ்சள் திட்டுக்கு 40 விழுக்காடு, ஊசி நீளத்துக்கு 10, உயிருள்ள தலைப்பகுதி மரத்தின் உயரத்தில் எவ்வளவு என்பதற்கு 10. ஊசி நீளத்துக்கு இவ்வளவு குறைந்த எடை தந்தது சரிதான் என்பேன். ஊசி குட்டையாவதற்கு ஓசோன் தேவையில்லை, வறட்சியே போதும்.

மூன்றாம் படி: மரத்தின் தாகத்தை அளந்து பாருங்கள்

வறட்சியின் அடையாளம் ஊசியின் நுனியிலிருந்து தொடங்கும். நுனிகள் ஒரே சீராகப் பழுப்பாகும், திட்டுத்திட்டாக இராது. நுனிக்கிளையில் ஆண்டு வாரியாக ஊசி நீளத்தை அளந்தால் மழை பொய்த்த ஆண்டு தானே காட்டிக்கொடுக்கும்: அன்று 2002ஐச் சேர்ந்த ஊசிகள் முந்தைய ஆண்டினவற்றைவிடக் குட்டையாக இருந்திருந்தால் காரணம் தேடி அலைய வேண்டியிருந்திருக்காது. 2001-02 மழைக்காலம் லாஸ் ஏஞ்சல்ஸ் அதுவரை பதிவு செய்தவற்றிலேயே மிக வறண்டது.

கருவி இருந்தால் அழுத்தக்கலத்தைப் பயன்படுத்துங்கள். விடியும் முன் ஒரு ஊசிக்கொத்தை வெட்டி, வெட்டுமுனை வெளியே தெரியும்படி கலத்துக்குள் பூட்டி, அழுத்தத்தை மெல்ல ஏற்றினால் ஓரிடத்தில் வெட்டுமுனையில் நீர் பளபளக்கும். நீரை வெளியே தள்ள எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டதோ, அவ்வளவு இழுவிசையில் மரம் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது என்று பொருள். நண்பகல் அளவையும் எடுத்து ஒப்பிடுங்கள். பாண்டரோசா எச்சரிக்கையான மரம். இழுவிசை ஏறக்குறைய 1.5 முதல் 2 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வரை போனதுமே, காற்றும் நீராவியும் போய்வரும் நுண்வழிகளான இலைத்துளைகளை மூடிக்கொண்டு, உணவு தயாரிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்.

கோடையில் அங்கு மழை அரிது. பனிக்காலத்தில் விழுந்த பனியும் மழையும்தான் ஆண்டு முழுவதற்குமான கையிருப்பு. மேல்மண் காய்ந்த பிறகு, சிதைந்த கருங்கல் பாறையின் விரிசல்களுக்குள் தங்கியிருக்கும் நீரைத்தான் இந்த மரங்கள் நம்பியிருக்கின்றன. அதை எட்ட ஆழமான வேர் வேண்டும். ஐந்தாம் படிக்குப் போகும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

நான்காம் படி: இரண்டையும் ஒரே நாட்காட்டியில் எழுதுங்கள்

ஒரு தாளில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதங்களை எழுதி, மேல்வரிசையில் ஓசோன் அளவையும் கீழ்வரிசையில் மரத்தின் இலைத்துளைகள் எவ்வளவு திறந்திருந்தன என்பதையும் குறியுங்கள். ஓசோன் கோடையின் நடுவில் உச்சத்துக்குப் போகும். இலைத்துளைகளோ அதற்கு முன்பே, பனிநீர் மண்ணில் இருக்கும் கோடைத் தொடக்கத்தில் நன்றாகத் திறந்திருந்து, ஆகஸ்டு வருமுன் பெரும்பகுதி மூடிவிடும். இரண்டு உச்சங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை.

ஓசோன் இலைக்குள் நுழைய இலைத்துளையைத் தவிர வேறு முக்கிய வழி கிடையாது. ஆகவே காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. மரம் எவ்வளவு உள்ளிழுத்தது என்பது வேறொரு கணக்கு. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் பாண்டரோசா மரங்களை அளந்தவர்கள் கண்டதும் இதுதான்: காற்று மிக மோசமாக இருந்த வறண்ட மாதங்களைவிட, ஈரமிருந்த மாதங்களில் மரம் அதிகம் உள்ளிழுத்தது. 1990களின் தொடக்கத்தில் பாண்டரோசா நாற்றுகளைத் திறந்த கூரைக் கூண்டுகளில் வளர்த்து, ஒரு பகுதிக்கு நீரூற்றியும் ஒரு பகுதியைக் காயவிட்டும் ஓசோன் செலுத்திப் பார்த்தார்கள். நீர் கிடைத்த நாற்றுகளுக்கே காயம் அதிகம்.

நடைமுறையில் இதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, வறண்ட முகட்டில் நிற்கும் மரத்தைவிட ஓடைக்கரையில் செழிப்பாக நிற்கும் மரத்தில் மஞ்சள் திட்டு அதிகம் இருந்தால் குழம்ப வேண்டாம். எதிர்பார்க்க வேண்டியதே அதுதான். இரண்டு, வறட்சி ஆண்டில் திட்டு குறைந்திருப்பதைப் பார்த்துக் காற்று சுத்தமாகிவிட்டது என்று அறிக்கை எழுதாதீர்கள். மழை நன்றாகப் பெய்த அடுத்த ஆண்டில் அதே காற்று அதே மரத்தை மீண்டும் தாக்கும்.

அமெரிக்காவில் ஓசோனுக்கான சட்ட வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக, 2015 முதல் காற்றில் நூறு கோடிக்கு 70 பங்கு. மனித நுரையீரலுக்கு இப்படிக் காற்றிலுள்ள அளவைச் சொல்வது பொருந்தும். நாம் மூச்சை நிறுத்திவைப்பதில்லை. மரம் நிறுத்திவைக்கும். ஐரோப்பாவில் மரத்துக்குள் நுழைந்த அளவையே கணக்கிடும் முறைக்கு முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். காடுகளைப் பொறுத்தவரை அதுவே பொருத்தமான வழி என்பது என் நிலைப்பாடு.

ஐந்தாம் படி: பழைய கடனைத் தேடுங்கள்

இதுவரை பார்த்தது ஒரு பருவத்துக்கான கணக்கு. ஆண்டுகள் கூடும்போது நிலைமை திரும்புகிறது. மரத்தில் நான்கு விதமான பழைய பாக்கிகள் சேர்ந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதியுங்கள்.

முதலாவது, இலைத்துளையின் மந்தம். ஆண்டுக்கணக்கில் ஓசோனைச் சுவாசித்த ஊசியின் இலைத்துளைகள் சுறுசுறுப்பை இழக்கின்றன. வெயில் ஏறிக் காற்று வறண்டதும் சட்டென மூட வேண்டியவை தாமதிக்கின்றன. இரவிலும் முழுதாக மூடுவதில்லை. எச்சரிக்கையான மரம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த எச்சரிக்கையே மழுங்கிப்போகிறது. மலையில் இரவிலும் ஓசோன் தங்கியிருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். (அழுத்தக்கலத்தின் விடியற்கால அளவை இத்தகைய மரத்தில் அப்படியே நம்பிவிடாதீர்கள். இரவெல்லாம் நீர் கசிந்த மரம், மண்ணில் இருப்பதைவிட அதிக வறட்சியைக் காட்டும்.)

இரண்டாவது, வேர். ஓசோன் பட்ட ஊசி குறைவாகவே உணவு தயாரிக்கிறது, விரைவாகவும் கொட்டுகிறது. மரம் கையிலிருக்கும் சர்க்கரையை முதலில் புது ஊசிகளுக்கும் பழுது பார்ப்பதற்கும் கொடுக்கிறது. வேருக்குப் போவது மிச்சம் மீதி. போதாக்குறைக்கு நைட்ரஜன் வந்து படிகிறது. உரம் கிடைத்த மரத்துக்கு வேரை நீட்டிச் சத்துத் தேட வேண்டிய அவசியமில்லை. மேற்பகுதி வளர, நுண்வேர் சுருங்குகிறது. கேம்ப் பைவிகா பகுதியின் வேர் எடை, காற்று தெளிந்த இடங்களோடு ஒப்பிட்டால் வெகு குறைவு. பாறை விரிசலில் இருக்கும் கோடைநீரை எட்ட வேண்டிய வேர் இதுதான்.

மூன்றாவது, இலைமேல் படியும் தூசு. இதைப் பற்றிப் பேச ஜெர்மனிக்குப் போக வேண்டும். பான் பல்கலைக்கழகத்தின் யூர்கன் பர்க்ஹார்ட்டும் உடன் ஆய்வாளரும் ஸ்காட்ஸ் பைன் கன்றுகளை வைத்துச் செய்த சோதனைகளை 2014இல் வெளியிட்டார்கள். ஊசியில் படியும் உப்புத்தன்மையுள்ள நுண்துகள்கள் காற்றின் ஈரத்தை ஈர்த்து மெல்லிய நீர்ப்படலமாகப் பரவுகின்றன. அந்தப் படலம் இலைத்துளைக்குள் இறங்கி, விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. துளை மூடியிருந்தாலும் கசிவு முழுதாக நிற்பதில்லை. மாசுபட்ட இடத்துப் பைன் ஊசிகளின் மெழுகுப் பூச்சு அரித்துப்போனதாக நுண்ணோக்கியில் தெரிவதை அமிலத்தின் வேலை என்றுதான் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். அந்தத் தோற்றத்தில் ஒரு பங்கு, படிந்து கரைந்து பரவிய துகள்களே என்பது இவர்களின் விளக்கம். வறட்சியைத் தாங்கும் திறன் குறைய ஓசோனே தேவையில்லை, தூசும் போதும் என்றாகிறது.

நான்காவது, நோய் புகுந்த வேர். ஹெட்டரோபாசிடியன் என்ற பூஞ்சை வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் குடியேறி, வேர்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அடுத்த மரத்துக்குத் தாவும். ஓசோன் காயமுள்ள பைன்களின் வேரிலும் அடிக்கட்டையிலும் அது எளிதாகப் பரவுகிறது. சுற்றிலும் பழைய அடிக்கட்டைகள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பட்டையைச் சீவிப் பாருங்கள்

நின்றபடி செத்த பாண்டரோசாவின் இறப்புச் சான்றிதழில் கையெழுத்திடுவது பெரும்பாலும் மேற்கத்தியப் பைன் வண்டு. அரிசி மணியைவிடச் சிறிதான கரும்பழுப்பு வண்டு. ஆரோக்கியமான மரம் அதைப் பிசினில் மூழ்கடித்து வெளியே தள்ளிவிடும். பிசினை அழுத்தத்தோடு பீய்ச்ச நீர் வேண்டும். பிசின் தயாரிக்கச் சர்க்கரை வேண்டும். வறட்சி நீரைக் குறைத்தது, புகை சர்க்கரையைக் குறைத்தது. 1960களின் இறுதியிலேயே கலிபோர்னியாவின் பீல்ட்ஸ் காப், ரொனால்ட் ஸ்டார்க் இருவரும் ஓசோன் காயமுள்ள பாண்டரோசாக்களில் பிசின் அழுத்தம் குறைந்திருப்பதையும், வண்டு அந்த மரங்களையே அதிகம் தேர்ந்தெடுப்பதையும் காட்டினார்கள். மிதமான வறட்சி சில நேரம் பிசினைக் கூட்டுவதும் உண்டு. கடும் வறட்சி நீடிக்கும்போதுதான் பாதுகாப்பு உடைகிறது.

மரத்தின் அடியில் நின்று பட்டை இடுக்குகளைப் பாருங்கள். வெளிர்நிறப் பிசின் குமிழ் ஒன்றிரண்டு இருந்தால் மரம் போராடி வென்றிருக்கிறது. குமிழ் செம்பழுப்பாக, மரத்தூள் கலந்து இருந்தால் வண்டு உள்ளே போய்விட்டது. பிசினே இல்லாமல் இடுக்குகளில் காப்பிப்பொடிபோல் தூள் மட்டும் கொட்டிக்கிடந்தால் மரத்திடம் சண்டை போடவே ஒன்றும் மிச்சமில்லை. மோசமான அறிகுறி இதுதான். மரங்கொத்தி பட்டையைச் சீவியிருப்பதும் துப்பு.

செத்த மரத்தின் பட்டையைப் பெயர்த்து உட்புறத்தைப் பார்த்தால் யார் வந்தது என்பது எழுதியிருக்கும். தாறுமாறாக வளைந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் பாதை மேற்கத்தியப் பைன் வண்டினுடையது. நெடுக்குவாக்கில் நேராக நீண்டிருந்தால் ஜெப்ரி பைன் வண்டு. ஆங்கில ஒய் அல்லது எச் எழுத்து வடிவில் கிளைத்தால் இப்ஸ் வகை. உள்மரம் சாம்பல்நீலமாகக் கறைபட்டிருக்கும். வண்டு கொண்டுவந்த பூஞ்சை நீர்க்குழாய்களில் புகுந்ததன் தடம் அது.

தலை முழுவதும் செம்பழுப்பாக மாறிய மரத்தை அவசரமாக வெட்டி வண்டைத் தடுத்துவிட்டோம் என்று மகிழ்வதில் பயனில்லை. பெரும்பாலும் வண்டுகள் அதற்குள் பறந்துபோயிருக்கும். தேட வேண்டியது பச்சை வெளிறத் தொடங்கிய பக்கத்து மரங்களை.

ஏழாம் படி: ஒரு மரத்திலிருந்து காட்டுக்கு

ஒரு நூற்றாண்டாகத் தீயை அணைத்து அணைத்து வளர்த்த காடு இது. முன்பு சிறு தீக்கள் அடிக்கடி வந்து கன்றுகளைக் களையெடுத்தன. அது நின்றதும் வெள்ளை ஃபிர், இன்சென்ஸ் சிடார் கன்றுகள் பைன்களுக்கு அடியில் நெருக்கியடித்து வளர்ந்தன. அதே பனிநீரை இப்போது பல மடங்கு வேர்கள் பங்கு போடுகின்றன. எனவே ஒரு மரத்தைச் சுற்றி எத்தனை மரங்கள் நிற்கின்றன என்பதையும் எழுதுங்கள். நெருக்கத்தைப் பதிவு செய்யாமல் வறட்சியைப் பற்றிப் பேச முடியாது.

அடியில் கிடக்கும் சருகின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஓசோன் ஊசிகளை முன்கூட்டியே உதிர்க்கிறது, நைட்ரஜன் ஊசிகளை அதிகம் விளைவிக்கிறது. இரண்டும் சேர்ந்து தரையில் தீக்கு விறகு அடுக்குகின்றன. 2003 மார்ச்சில் மரச்சாவுக்காக மாநில ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். அக்டோபர் 25 அன்று தொடங்கிய ‘ஓல்டு’ தீ ஏறத்தாழ 37,000 ஹெக்டேரை எரித்தது.

இந்தக் கதையை எல்லா இடத்துக்கும் நீட்டவும் கூடாது. 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியை ஒட்டி, 2010க்குப் பிறகு கலிபோர்னியாவில் செத்த மரங்கள் 12.9 கோடி என்று அமெரிக்க வனத்துறை மதிப்பிட்டது. அதில் நெருக்கம், வெப்பம், வண்டு மூன்றும் முன்னணியில் நின்றன. சான் வாகின் பள்ளத்தாக்கின் புகை ஏறும் தெற்குச் சியராவில் ஓசோனையும் கணக்கில் எடுக்கலாம். மாநிலம் முழுவதற்கும் புகையைக் காரணம் சொன்னால் அது மிகை.

எட்டாம் படி: செய்யக்கூடியவை

காட்டளவில் முதல் வேலை நெருக்கத்தைக் குறைப்பது. சிறு மரங்களையும் ஃபிர் கன்றுகளையும் அகற்றினால் நிற்கும் பைன்களுக்கு நீர் மிஞ்சும், பிசினும் திரும்பும். வெட்டிய அடிக்கட்டைகளின் மேல் உடனே போரேட் என்னும் உப்பைத் தூவுவது வேர்ப் பூஞ்சையைத் தடுக்கும் வழக்கமான முறை. நீர் மிஞ்சினால் இலைத்துளை திறந்து ஓசோன் அதிகம் போகாதா என்று நான்காம் படியைப் படித்தவர் கேட்பார். போகும். இருந்தாலும் மஞ்சள் திட்டோடு உயிர்வாழும் மரமா, திட்டே இல்லாமல் செத்த மரமா என்றால் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன்.

வீட்டு முற்றத்து மரத்துக்கும் அதே விடைதான். வறட்சி ஆண்டில் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை, தண்டை ஒட்டி அல்லாமல் கிளைகள் பரவிய எல்லைக்குக் கீழே, நீர் ஆழமாக இறங்கும்படி மெதுவாகப் பாய்ச்சுங்கள். தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். நைட்ரஜன் உரம் போடவே வேண்டாம். காற்றிலிருந்தே வேண்டிய அளவுக்கு மேல் வருகிறது. கிளை கழிப்பதைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டு பறக்கும் வெயில் மாதங்களில் வெட்டிய பச்சைப் பைன் கட்டைகளை உயிருள்ள மரத்தருகே அடுக்கினால், வாசம் பிடித்து வரும் விருந்தாளிகளை நீங்களே அழைத்ததாகும்.

காற்றைத் திருத்துவதும் வீண்போகவில்லை. வாகனப் புகைக் கட்டுப்பாடுகள் வந்தபின், 1970களின் நடுப்பகுதியில் இருந்ததைவிட 1980களின் இறுதியில் இந்த மலையின் பல ஆய்வுப் பரப்புகளில் ஊசிக்காயம் குறைந்தது பதிவாகியிருக்கிறது. மண்ணில் ஏறிய நைட்ரஜன் மட்டும் அவ்வளவு விரைவில் இறங்குவதாகத் தெரியவில்லை. இந்த மலையின் டெவில் கேன்யன் ஓடை நீரில் நைட்ரேட் மிகுந்திருப்பது, காடு உண்ண முடியாமல் வெளியே விடும் மிச்சம்.

ஒரே மரத்தைத் தொடர்ந்து கவனிக்க விரும்பினால், கிளைகளுக்கு அடையாளத் துண்டு கட்டி, ஆண்டுதோறும் இலையுதிர் காலத் தொடக்கத்தில், பழைய ஊசிகள் விழுமுன், அதே கிளைகளில் இவற்றைக் குறியுங்கள்: எத்தனை ஆண்டு ஊசிகள் மிச்சம், ஒவ்வோர் ஆண்டு ஊசியின் நீளம், திட்டு எந்த ஆண்டு ஊசி வரை வந்திருக்கிறது, முந்தைய குளிர்கால மழையளவு, சுற்றியுள்ள மரங்கள், பட்டையில் தூள் உண்டா. மழை நன்றாக இருந்த ஓர் ஆண்டும் பொய்த்த ஓர் ஆண்டும் உங்கள் குறிப்பேட்டில் ஏறும் வரை, புகையா வறட்சியா என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.